ஆறு பிரதிகளில் ஓர் அழிப்புச் சான்று

மணலி விரைவுச் சாலை, பெட்டக முனையம், நான்காம் கொட்டகை.
லிஸ்பனில் ஏறிய இருபதடிப் பெட்டி
பதினெட்டு மாதம் கேட்பாரற்றுக் கிடந்தது.
வரவழைத்த ஓட்டல்காரர் திவால்.
வாடகை ஏறி ஏறிச்
சரக்கின் விலையைத் தாண்டிய வாரம்
ஏலம் விட்டார்கள். உரிமம் உள்ளவன் எவனும் கேட்கவில்லை.
'ஏலமே அவங்க சொல்தாம்மா,' என்றார் சுங்க அதிகாரி.
'மேசை, பீப்பாய், சாவி, ஜன்னல்,
எல்லாம் தீர்வை கட்டாம இறங்கினது.'
சிரித்தபடி கொட்டகைச் சாவியை என்னிடம் நீட்டினார்.
உத்தரவில் ஒரே வரி:
உடைத்து ஊற்றுக.

எண்ணி எழுதுவது என் வேலை.
எங்கள் வீட்டில் யாரும் தொடுவதில்லை என்று
பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா சொன்ன பொய் தவிர
எனக்கும் சாராயத்துக்கும் ஒட்டில்லை.
சீட்டிலிருந்த பெயர்களைப் போன்தான் படித்துச் சொன்னது.

புளிப்புச் செர்ரி: அடியில் முழுப் பழங்கள்,
ஆய்வுக்கூடத்துச் சீசாவில் ஊறுகிற எதையோ போல.
கசப்பு வாதுமை.
மலைக்காட்டுப் பழம் ஒன்று;
போன் அதை மூன்று விதமாக உச்சரித்தது.
ஒரு புட்டிக்குள் சோம்புக் கிளை,
கிளை முழுக்கக் கற்கண்டு பூத்து.
எப்படி உள்ளே விட்டிருப்பார்கள் என்று
கேஸ்பர் அதை வெயிலில் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.
இடம் நிரப்ப ஏற்றியவை கொஞ்சம்:
பிரேசிலின் கரும்பு, பெருவின் திராட்சை,
ஏதோ பனிதேசத்து உருளைக்கிழங்கு.
கடைசி நாலு அட்டைப்பெட்டி
'எரியும் தண்ணீர்.'
எரிசாராயம் என்று எழுதி, உடனே அடித்தேன்.
எங்கள் பக்கம் அந்தச் சொல்
பந்தல் போட்ட தெருவில்தான் அதிகம் கேட்கும்.

உருளை ஓட்ட வந்தது கஜபதி.
குடியை விட்டு நூற்றுப் பதினோரு நாள்.
தினமும் என் மேசைக் காலண்டரில் ஒரு சுழி போடுவார்,
ஏனென்று அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.
'வேற ஆள் போடட்டுமா?'
'இன்னாத்துக்கு? நானே ஏத்துறேன்.'
துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டார்.

நொறுங்கிய சத்தம் பெரிதில்லை.
வாசனைதான்.
மணலியில் எங்களுக்குக் காற்று மூன்று:
ஆலையின் அழுகல் முட்டை, உரக் கம்பெனி, கால்வாய்.
அன்றைக்கு நாலாவது எழுந்தது.
பாகு, சோம்பு, கிராம்பு, கருகிய ஆரஞ்சுத் தோல்.
டிரெய்லர்காரர்கள் இறங்கி வந்து
கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு
கோயிலில் நிற்பதுபோல் நின்றார்கள்.
தேசம்மா மட்டும் விளக்குமாற்றை ஊன்றி,
'இத்த கழுவிவுட எத்தினி டிரம் தண்ணி வோணும்,
அத்த எவனாச்சும் எயுதினானா?' என்றாள்.

முன்னே, பின்னே, முன்னே.
கண் சிவந்து நீர் வடிந்தது. ஆவி என்றார்.
டீ இடைவேளையில் கேட்டார்:
'அந்த மஞ்சா புட்டி, பேரு இன்னா?'
'கசப்பு வாதுமை.'
'கசப்புன்னு அவனே போட்டுக்கினானா?'
'ஆமா.'
'நம்ப புட்டில கேடுன்னு போட்டுக்கிது.
கசப்புன்னு போட்டிருந்தா...'
முடிக்கவில்லை. இன்னொரு ஸ்பூன் சர்க்கரை கேட்டார்.

ஐந்து மணிக்கு ஆறு பிரதியிலும் கையெழுத்தானது.
எண்ணிக்கை ஆயிரத்து நூற்று நாற்பது. மீதம் இல்லை.
எல்லோரும் போன பிறகும்
கஜபதி குழாயடியிலேயே நின்றார்.
இரண்டு தரம் சோப்பு போட்டாகிவிட்டது.
சட்டையை முகர்ந்தார், முழங்கையை முகர்ந்தார்.
'இப்டியே போய் நின்னா
அவ நம்புவாளா?'

ஏழாவதாக ஒன்று எடுத்தேன்.
யாருக்கு என்றார் அதிகாரி. கோப்புக்கு என்றேன்.
முத்திரை கொஞ்சம் கோணலாக விழுந்தது.

தண்டையார்பேட்டை பஸ்.
அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்
எழுந்து போய்க் கம்பியைப் பிடித்து நின்றார்,
திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.
கஜபதியின் கை சட்டைப் பை வரை போய்
வெறுமனே இறங்கியது.
இரண்டு நிறுத்தம் கழித்து
துருப்பிடித்த ஜன்னலை
இரண்டு கையாலும் அழுத்தித் திறந்தார்.